எண்ணெய் முடிக்கு, ஷாம்பு தலைத்தோலுக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் தம் நிலையை விவரித்துக் கேட்டிருக்கிறார். அவருக்கு இடுப்பளவு முடி. நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிந்து வேலைக்குப் போய் வருகிறார். சில மாதங்களாகப் பொடுகும் அரிப்பும் இருக்கின்றன. ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அடிக்கடி தலைக்குக் குளித்தால் சளி பிடிக்கும், முடியும் கொட்டும் என்று அம்மா சொல்வதால் வாரம் ஒரு முறைதான் தலைக்குக் குளிக்கிறார். அதற்கு முந்தைய இரவே நிறைய எண்ணெய் தேய்த்து ஊற வைத்துவிடுகிறார். மூன்று மாதங்களுக்கு முன் டிங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்ததையும் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். தினமும் தலைக்குக் குளிக்கலாமா, எந்த எண்ணெய் நல்லது, பினாங்குத் தண்ணீர்தான் காரணமா, தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் ஜார்ஜ்டவுனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளராகப் பணியாற்றுகிறேன். இதே கேள்விகளோடு வாரத்துக்கு ஒருவராவது என் முன் வந்து நிற்கிறார். அவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான், அதையும் அக்கறையினால்தான் செய்கிறார்கள். தலைத்தோலையும் முடியையும் ஒரே பொருளாக எண்ணிக்கொண்டு, எண்ணெயைத் தலைத்தோலில் அழுத்தித் தேய்க்கிறார்கள். ஷாம்பை முடியின் நீளம் முழுவதும் கசக்கித் தேய்க்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. தலைத்தோல் உயிருள்ள தோல். அது வியர்க்கும், எண்ணெய் சுரக்கும், பழைய செல்களை உதிர்க்கும், ஆகவே முகத்தைப் போலவே அதையும் கழுவ வேண்டும். முடியோ தோலுக்கு வெளியே வந்த பிறகு உயிரற்ற ஓர் இழைதான். மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும் கணக்கில் பார்த்தால், உங்கள் இடுப்பைத் தொடும் நுனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் முளைத்தது. அத்தனை ஆண்டுகளாக வெயிலும் சீப்பும் ரப்பர் வளையமும் பட்டுத் தேய்ந்த அந்த நுனிக்குத்தான் எண்ணெய் தேவை. நேற்று முளைத்த அடிமுடிக்கு வேண்டிய எண்ணெயைத் தலைத்தோலே சுரந்து கொடுத்துவிடுகிறது.

முதலில் முடி கொட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை மிகவும் பயமுறுத்துவது அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நலமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிரும். உதிரும் முடி உடனே கீழே விழுந்துவிடுவதில்லை. பின்னலிலும் கொண்டையிலும் சிக்கி, மற்ற முடிகளோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. வாரம் ஒரு முறை மட்டும் குளிப்பவருக்கு ஏழு நாள் உதிர்வும் ஒரே நாளில் கைக்கு வரும். குளியலறையின் நீர் போகும் வாய் அடைபடும் அளவுக்குக் கறுப்பாகச் சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்தவர் குளித்ததனால்தான் கொட்டியது என்று முடிவு கட்டி, அடுத்த முறை பத்து நாள் தள்ளிப் போடுகிறார். பத்தாம் நாள் இன்னும் பெரிய உருண்டை வருகிறது, பயமும் இரட்டிப்பாகிறது. என்றோ வேரை விட்டுவிட்ட முடியைத்தான் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிறது. உங்கள் அம்மா கண்ணால் கண்டது பொய்யன்று. அதற்குக் கற்பித்துக்கொண்ட காரணம்தான் பிழை.

ஆனால் உங்களுடைய உதிர்வில் டிங்கிக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். கடுமையான காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய அறுவை சிகிச்சை, திடீரென்று பட்டினி கிடந்து உடல் எடையைக் குறைப்பது ஆகியவற்றுக்குப் பிறகு, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். ஓய்வில் இரண்டு மூன்று மாதங்கள் இருந்துவிட்டுப் பிறகுதான் அவை உதிரும். அதனால் காய்ச்சலை மறந்துவிட்ட நேரத்தில் முடி கொட்டத் தொடங்கி, அந்த வாரம் மாற்றிய ஷாம்பின் மீதோ தண்ணீரின் மீதோ பழி விழுகிறது. வேர் சாகாததால் இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாக அடங்கி, முடி திரும்ப முளைக்கிறது. நெற்றி ஓரத்தில் குட்டையான புது முடிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் மீட்சி தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்கென்று விலை உயர்ந்த தைலம் எதையும் வாங்காதீர்கள். முட்டை, மீன், பருப்பு, கீரை என்று வயிறாரச் சாப்பிடுங்கள்.

இப்போது பொடுகுக்கு வருவோம். எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சை வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்றுதான் அது பிழைக்கிறது. உடைத்தபின் அது மிச்சம் விடும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை எரிச்சலூட்டுகிறது. அந்த எரிச்சலில் தோல்செல்கள் முதிர்வதற்குள் அவசரமாகத் திட்டுத் திட்டாக உதிர்கின்றன. அந்தத் திட்டுகளே பொடுகு. ஆய்வுக்கூடங்களில் இந்தப் பூஞ்சையை வளர்க்க வேண்டுமானால் வளர்ப்பு ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்கள் என்பதை அறிந்தால், பொடுகுள்ள தலையில் இரவு முழுவதும் எண்ணெய் ஊற வைப்பது என்ன செய்யும் என்பது விளங்கும். ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் ஊரில், வியர்வையும் தலைக்கவசத்தின் சூடும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

பொடுகா, வெறும் வறட்சியா என்ற ஐயமும் பலருக்கு உண்டு. சீப்பின் கூரான முனையால் வகிடு எடுத்து, வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் துணியில் தட்டினால் மாவு போல் பொடிப்பொடியாக விழுந்து, தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் அது வறட்சியாக இருக்கலாம். செதில் மஞ்சள் சாயலோடு பெரிதாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்து, நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால், அது எண்ணெயில் தழைக்கும் பொடுகு. இந்த இரண்டாவதை வறட்சி என்று நினைத்து மேலும் எண்ணெய் ஊற்றுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அரிப்பு காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் இருந்து, வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இருந்தால், பேன் சீப்பால் ஒரு முறை வாரிப் பார்த்துவிடுங்கள்.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பாட்டி நிபோங் திபாலில் தோட்டத்து வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயை லேசாகக் காய்ச்சி எங்கள் தலையில் வைப்பார். அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம், வாசல் திண்ணையில் உட்கார வைப்பார். பிறகு சோறு வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்து, வேலியிலிருந்து பறித்த செம்பருத்தி இலையைக் கையாலேயே கசக்கி அதில் சேர்ப்பார்; 1960-இல் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அதே செம்பருத்திதான். இலையின் கொழகொழப்பு விரல்களுக்கிடையே நூல் நூலாக இறங்கும். எண்ணெய் முழுவதும் போகும்வரை இரண்டு முறை தேய்த்து அலசி, வெயிலில் நிற்க வைத்து, விரல்களால் உதறிக் காய வைத்த பிறகுதான் பின்னுவார். எண்ணெய் வைப்பதும், ஊறுவதும், முழுவதுமாகக் கழுவுவதும், காய வைப்பதும் சேர்ந்ததே எண்ணெய்க் குளியல். இன்று நேரமில்லாத நாம் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு, கழுவுவதையும் காய வைப்பதையும் கைவிட்டுவிட்டோம். பாட்டியின் முறையில் நான் குறை காணவில்லை. அதைப் பாதியாக வெட்டிவிட்டுப் பழைய பலனை எதிர்பார்ப்பதில்தான் குறை இருக்கிறது.

எந்த எண்ணெய் என்று கேட்டால், முடியின் நீளத்துக்குத் தேங்காய் எண்ணெய் என்பேன். தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று, முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது என்று காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அவர்கள் தந்த விளக்கம் பொருத்தமானது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் முடிக்குள் புக முடிகிறது. உள்ளே புகுந்த எண்ணெய், குளிக்கும்போது முடி தண்ணீரை உறிஞ்சி உப்புவதைக் குறைக்கிறது. ஆகவே குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, காது மட்டத்துக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தடவுங்கள். பொடுகு அடங்கும்வரை தலைத்தோலில் எந்த எண்ணெயும் வேண்டாம். வெந்தயமோ கறிவேப்பிலையோ போட்டுக் காய்ச்சியதாக இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான்.

எவ்வளவு அடிக்கடி குளிப்பது? தலைக்கவசம் அணிந்து வியர்த்து வரும் உங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே என் பரிந்துரை. மென்மையான ஷாம்பாக இருந்தால், நன்றாக வியர்த்த நாளில் தொடர்ந்து குளிப்பதாலும் கேடில்லை. சுருட்டை முடியும் வறண்ட தலைத்தோலும் உள்ளவருக்கு வாரம் இரண்டு முறை போதலாம்.

குளிக்கும் முறையை மட்டும் சற்று நின்று சொல்கிறேன், ஏனெனில் சேதம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. காய்ந்த முடியில், நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வந்து, அகலப் பல் சீப்பால் சிக்கு எடுத்துவிடுங்கள். ஈர முடி எளிதில் இழுபட்டு அறும். ஹீட்டரைச் சூடாக வைக்காமல் வெதுவெதுப்பான நீரைத் தலையில் ஒரு முழு நிமிடம் ஓட விடுங்கள். உங்களுடையது போன்ற அடர்ந்த முடியில் நீர் தோல்வரை போய்ச் சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கும். ஐம்பது காசு நாணய அளவு ஷாம்பை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, உச்சி, நெற்றி ஓரம், காதுக்குப் பின்புறம், பிடரி என்று நான்கு இடங்களில் பிரித்து ஊற்றுங்கள். நகம் படாமல், விரல் நுனியின் சதைப்பகுதியால் தோலைச் சிறு வட்டங்களாக அசைத்துத் தேய்க்க வேண்டும். முடியின் நீளத்தைக் கசக்க வேண்டியதே இல்லை. அலசும்போது வழிந்தோடும் நுரையே அதற்குப் போதும். தேய்த்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள், பிடரியை மறக்காதீர்கள். அங்கே தங்கிப்போகும் ஷாம்பினால் வரும் அரிப்பைப் பொடுகு என்று எண்ணி மருந்து கேட்டு வருபவர்கள் உண்டு. கண்டிஷனரைக் காது மட்டத்துக்குக் கீழே மட்டும் தடவி, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள்.

பொடுகுக்குச் சாதாரண ஷாம்பு மட்டும் போதாது. 2 விழுக்காடு கீட்டோகோனசோல் கலந்த மருந்து ஷாம்பை மருந்தகத்தில் கேட்டு, வாரம் இரண்டு முறை வீதம் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பயன்படுத்துங்கள். பிறகு திரும்ப வராமலிருக்க ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். இதைப் போட்ட உடனே கழுவிவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்களே அதிகம். மருந்து தோலின் மேல் மூன்று முதல் ஐந்து நிமிடம் தங்க வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டு முடித்துவிடலாம். செலினியம் சல்ஃபைடு கலந்தவையும் நன்றாக வேலை செய்யும், ஆனால் சாயம் பூசிய முடியின் நிறத்தை அவை மாற்றக்கூடும். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முதலில் மருந்தாளரிடம் சொல்லிவிடுங்கள். பொடுகு அடியோடு ஒழிந்துபோகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். பூஞ்சை நம் தோலிலேயே குடியிருப்பது, அதை அடக்கி வைக்கத்தான் முடியும்.

தலைக்குக் குளித்தால் சளி பிடிக்கும் என்பதைப் பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். சளியைக் கொண்டு வருவது வைரஸ், தண்ணீர் அல்ல. ஆனால் ஈரத்தலையோடு திரியாதே என்று அவர் சொல்வதில் பெரிய உண்மை உண்டு. ஈர முடியைக் கொண்டை போட்டு அதன் மேல் தலைக்கவசத்தை மாட்டினால், பல மணி நேரம் சூடும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு வசதி செய்து கொடுக்கும். ஜார்ஜ்டவுனில் முக்காடு அணியும் நம் தமிழ் முஸ்லிம் சகோதரிகளுக்கும் இதையே சொல்வேன்: அடிமுடி காய்ந்த பிறகே துணியைச் சுற்றுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர் கிளம்பும் நேரத்தில் குளிக்காமல், வேலை முடிந்து காலையில் வீடு திரும்பியதும் குளித்து, மின்விசிறியின் கீழ் காய வைத்துவிட்டுத் தூங்கலாம். துண்டால் அடித்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள்; ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. சாம்பிராணிப் புகை போடுவது மணத்துக்கு நல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். தலைக்கவசத்தின் உள் திண்டைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் போடுங்கள்.

தண்ணீர்க் கேள்வி சென்னைக்காரர்களின் காணொளிகளிலிருந்து வருகிறது என்று தோன்றுகிறது. அங்கே பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதில் ஷாம்பு நுரைக்காது, முடி சொரசொரப்பாகும். நம் குழாயில் வருவதில் பெரும்பங்கு சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீர். அது அப்படிப்பட்ட கடின நீர் அல்ல. நீர்த்தடைக்குப் பிறகு மட்டும் கவனமாக இருங்கள். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக 2024 ஜனவரியில் நீர் தடைபட்டதைப் போன்ற நாள்களில், நீர் திரும்பி வரும்போது குழாயில் படிந்த கசடும் சேர்ந்து வரும். அது தெளியும்வரை ஓட விட்டு, பிறகு தலைக்குக் குளியுங்கள்.

எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தேய்ப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். ஒரு கல்லூரி மாணவி பொடுகுக்காக எலுமிச்சையைத் தேய்த்து, அரைகுறையாக அலசிவிட்டு வெயிலில் நடந்து போனார். மறுநாள் நெற்றி ஓரத்திலும் கழுத்திலும் சாறு வழிந்த தடத்திலேயே கொப்புளங்கள் எழுந்தன, அவை ஆறிய பிறகும் கறுப்பு மாறப் பல மாதங்கள் ஆயின. எலுமிச்சையில் உள்ள ஒரு வகைப் பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். சீயக்காயும் அரப்பும் எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் அவை பொடுகுக்கு மருந்தாகா. பயன்படுத்தினால் துகள் தங்காதபடி வடிகட்டிக்கொள்ளுங்கள். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலோ இணையத்திலோ முடி வளர்க்கும் தைலம் வாங்குவதற்கு முன் புட்டியில் ஒட்டியுள்ள சிட்டையைப் பாருங்கள்: நம் நாட்டில் அறிவிக்கப்பட்ட அழகுசாதனப் பொருளுக்கு ‘நாட்’ (NOT) என்று தொடங்கும் எண்ணும், பதிவுபெற்ற மருந்துக்கு ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத புட்டியை வாங்காதீர்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி காணிக்கை செலுத்துவது நேர்த்திக்கடன். அதைப் பக்தியோடு செய்யுங்கள். அடர்த்திக்காகச் செய்ய வேண்டாம். கத்தி தோலுக்கு மேலே உள்ள முடியைத்தான் எடுக்கிறது. வேர்க்காலின் எண்ணிக்கையோ பருமனோ அதனால் மாறாது. மழித்த முடி மொட்டையான முனையோடு ஒரே சீராக முளைப்பதால் தடவும்போது அடர்த்தியாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மொட்டை போட்ட வாரத்தில் சந்தனம் காய்ந்ததும் கழுவிவிட்டு, வெயிலுக்குத் தொப்பி அணியுங்கள்.

நான்கு வாரம் மருந்து ஷாம்பு போட்டும் பொடுகு அடங்காவிட்டால், ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நிற்காவிட்டால், வகிடு அகலமாகிக்கொண்டே போனால், அல்லது நாணயம் போல் வட்டமாக முடி போய்விட்டால் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான். வட்டமாகப் போவதைப் புழுவெட்டு என்று சொல்லி வெங்காயமும் பூண்டும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் புழு எதுவும் இல்லை, உடலின் எதிர்ப்பாற்றலே வேர்க்காலைத் தாக்குவதால் வருவது அது. குழந்தைக்குச் செதிலோடு முடி ஒடிந்து திட்டாக இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்கு மருந்து வேண்டும், ஷாம்பு மட்டும் போதாது. களைப்பும் மாதவிடாயில் மிகுந்த போக்கும் இருந்தால் இரத்தச்சோகையையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முடியை இறுக்கிப் பின்னாதீர்கள், இப்போது பயன்படுத்தும் புட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.